ஒரு நாற்காலியில் இரண்டு பேர்

1973-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ராணுவக் குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு உறுப்பினர்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். ஒருவர் கலிபோர்னியாவின் ரான் டெலம்ஸ், கறுப்பினத்தவர், வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்து ஜெயித்து வந்தவர். இன்னொருவர் கொலராடோவிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகத் தேர்வாகியிருந்த பாட் ஷ்ரோடர் என்ற பெண். குழுத் தலைவர் எட்வர்ட் ஹேபர்ட் லூசியானாக்காரர். இந்த இரண்டு பேருமே தன் குழுவுக்குள் வருவதில் அவருக்கு இஷ்டமில்லை. பெண்ணுக்கும் கறுப்பருக்கும் பாதிப் பாதி மதிப்புதான், ஆகவே ஆளுக்குப் பாதி நாற்காலி போதும் என்பது அவர் போட்ட கணக்கு என்று ஷ்ரோடர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். டெலம்ஸும் ஷ்ரோடரும் கத்தவில்லை, வெளிநடப்பு செய்யவில்லை, அந்த ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இருபது வருடம் கழித்து, 1993-ல், அதே குழுவுக்கு டெலம்ஸ் தலைவரானார்.

பாதி நாற்காலிக்கும் தலைவர் நாற்காலிக்கும் நடுவில் இருக்கிற அந்த இருபது வருடத்தைப் புரிந்துகொண்டால் காங்கிரஷனல் பிளாக் காக்கஸ் என்ற அமைப்பு பாதிக்கு மேல் புரிந்துவிடும். (காங்கிரஸ் என்று நான் சொல்வது அமெரிக்க நாடாளுமன்றத்தை, நம் ஊர்க் கட்சியை இல்லை. கீழவைக்குப் பிரதிநிதிகள் சபை என்று பெயர், மேலவை செனட்.) காக்கஸ் என்பதற்குத் தமிழில் நேர்ச்சொல் கிடையாது. ஒரே அக்கறையுள்ள உறுப்பினர்கள் சபைக்குள் தங்களுக்குள் அமைத்துக்கொள்கிற அணி என்று வைத்துக்கொள்ளலாம், கட்சிக்குள் கோஷ்டி என்கிறோமே, அதில் வம்பைக் கழித்துவிட்டுத் தலைவர், கூட்டம், கோரிக்கைப் பட்டியல் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட இதுதான் வரும்.

ஓர் அடிப்படை விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் ஒட்டாது. நம் நாட்டில் 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் எம்.பி. பதவியே போகலாம். அமெரிக்காவிலும் கொறடா உண்டு, ஆனால் அவர் கெஞ்சலாம், பேரம் பேசலாம், நல்ல குழுவில் இடம் தராமல் பழிவாங்கலாம், அவ்வளவுதான். உறுப்பினரின் பதவியில் கை வைக்க முடியாது. அதனால்தான் அங்கே கட்சிக்குள்ளேயே ஓர் அணி "எங்கள் 30 வாக்கு வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள்" என்று உட்கார முடிகிறது. இன்னொன்று, அங்கே மசோதாக்களின் தலையெழுத்தைப் பெரும்பாலும் நிலைக்குழுக்கள்தான் தீர்மானிக்கின்றன. எதை விசாரணைக்கு எடுப்பது, எதைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது என்பது குழுத் தலைவர் கையில் இருக்கிறது. அந்தத் தலைவர் பதவி வழக்கமாக யாருக்குப் போகும்? பெரும்பான்மைக் கட்சியில், அந்தக் குழுவில் அதிக காலம் உட்கார்ந்திருப்பவருக்கு, அதாவது நம் அரசு அலுவலகத்துச் சீனியாரிட்டி மாதிரிதான்.

சரி, கதைக்கு வருவோம்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு 1870-ல் முதல் கறுப்பின உறுப்பினர்கள் காங்கிரஸுக்குள் வந்தார்கள், செனட்டுக்கு மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ், கீழவைக்குத் தென் கரோலினாவிலிருந்து ஜோசப் ரெய்னி. அப்புறம் தென் மாநிலங்கள் தேர்தல் வரி, எழுத்தறிவுத் தேர்வு, நேரடி வன்முறை என்று வரிசையாக வழி அடைத்தன. 1901-ல் வட கரோலினாவின் ஜார்ஜ் ஒயிட் விடைபெற்றுப் போனபோது சபையில் ஒரு கறுப்பினத்தவர்கூட மிச்சமில்லை. அடுத்தவர் வர 28 வருடம் ஆனது. 1929-ல் வந்த ஆஸ்கர் டி பிரீஸ்ட் தெற்கைச் சேர்ந்த தொகுதிக்காரர்கூட இல்லை, சிகாகோவிலிருந்து வந்தவர். தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாக வடக்கத்தி நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததால் உருவான தொகுதி அது. 1934-ல் டி பிரீஸ்டின் செயலாளரும் அவர் மகனும் சபையின் உணவகத்தில் சாப்பிடப் போனபோது, கறுப்பர்களுக்கு இங்கே பரிமாறுவதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். டி பிரீஸ்ட் விடவில்லை, பிரச்சினையைச் சபைக்குள் கொண்டுபோய் ஒரு விசாரணைக் குழுவே அமைக்க வைத்தார். அந்த ஐவர் குழு 3-க்கு 2 என்று கட்சி வாரியாகப் பிரிந்து, பழைய வழக்கமே தொடரட்டும் என்று விட்டுவிட்டது. தனி ஆளாகச் சபைக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சட்டம் இயற்ற உரிமை இருக்கிறது, தன் அலுவலகத்து ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக்கொடுக்க முடியவில்லை.

1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. எண்ணிக்கை மெல்ல ஏறியது. 1969-ல் டெட்ராய்டின் சார்லஸ் டிக்ஸ் சிறு குழு ஒன்றைச் சேர்த்து அவ்வப்போது கூடிப் பேச ஆரம்பித்தார். அதே வருடம்தான் புரூக்ளினிலிருந்து ஷெர்லி சிஸம் வந்தார், காங்கிரஸில் கால்வைத்த முதல் கறுப்பினப் பெண். நியூயார்க் நகரத்தின் நடுவிலிருந்து வந்தவரைத் தூக்கி வேளாண்மைக் குழுவில் போட்டார்கள்! அவர் சண்டை போட்டு முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றிக்கொண்டார், என் தொகுதியில் மரங்களைவிடப் படைவீரர்கள் அதிகம் என்று சொல்லிவிட்டு.

காக்கஸ் பெயர் சூட்டிக்கொண்டு நாடறிய எழுந்து நின்றது 1971-ல், அதற்கு ஒருவகையில் அதிபர் நிக்ஸனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கறுப்பின உறுப்பினர்கள் சந்திக்க நேரம் கேட்டார்கள், மாதக்கணக்கில் தரவில்லை. அந்த வருடம் ஜனவரியில் அதிபர் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றும் ஆண்டு உரையை கீழவையின் 12 கறுப்பின உறுப்பினர்களும் சேர்ந்து புறக்கணித்தார்கள். 435 பேர் கொண்ட சபையில் 12 பேர் வராமல் போனால் வாக்கெடுப்பில் ஒன்றும் ஆகாது, ஆனால் காலியான 12 இருக்கைகள் பத்திரிகைக்குச் செய்தி. மார்ச் 25-ல் சந்திப்பு நடந்தது, கையில் சுமார் 60 கோரிக்கைகளோடு போனார்கள். மே மாதம் வெள்ளை மாளிகை நூறு பக்கத்துக்கு மேல் பதில் அனுப்பியது, அதில் பெரும்பாலும் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைப் பற்றிய பெருமைதான் என்று காக்கஸ் ஏமாற்றம் தெரிவித்தது. சபையில் வாக்களிக்கும் உரிமை இல்லாத வாஷிங்டன் நகரப் பிரதிநிதி வால்டர் ஃபான்ட்ராயையும் சேர்த்து நிறுவன உறுப்பினர்கள் 13 பேர். பின்னாளில் வாட்டர்கேட் விசாரணையின்போது வெளிவந்த நிக்ஸனின் எதிரிகள் பட்டியலில் அந்த 12 பேரின் பெயரும் இருந்தது. 12 பேருக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்கத் தோன்றுகிறது.

மிசௌரியின் வில்லியம் கிளே காக்கஸுக்கு ஒரு வாசகம் கொடுத்தார்: கறுப்பின மக்களுக்கு நிரந்தர நண்பர்கள் இல்லை, நிரந்தர எதிரிகள் இல்லை, நிரந்தர நலன்கள்தான் உண்டு. நமக்குப் பழக்கமான வசனம்தான், என்ன, நம் ஊரில் கூட்டணி மாறும்போது முதல் இரண்டு பகுதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

சேர்ந்து புறக்கணித்தார்கள் என்று சொன்னேனே தவிர, உள்ளே எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். 1972-ல் சிஸம் அதிபர் வேட்பாளராகக் களமிறங்கியபோது காக்கஸ் ஓர் அணியாக அவர் பின்னால் நிற்கவில்லை. எங்களிடம் கேட்காமல் எப்படி அறிவித்தார் என்பது வெளியே சொன்ன காரணம். பெண் என்பதுதான் தனக்குக் கறுப்பர் என்பதைவிடப் பெரிய தடையாக இருந்தது என்று சிஸமே சொல்லியிருக்கிறார். அவரை ஆதரித்த மிகச் சிலரில் டெலம்ஸ் ஒருவர்.

அந்த டெலம்ஸ் ராணுவக் குழுவுக்குள் எப்படிப் போனார்? ஹேபர்ட் வேண்டாம் என்றார், இவரை நம்பி ரகசியங்களைச் சொல்ல முடியாது என்றார். காக்கஸிலிருந்து லூயி ஸ்டோக்ஸும் கிளேயும் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட்டிடம் போய் விடாப்பிடியாக நின்றார்கள். இடம் கிடைத்தது. நாற்காலிதான் கிடைக்கவில்லை. 1975-ல் புதிதாக வந்த இளம் உறுப்பினர்கள் சேர்ந்து ஹேபர்டைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள், டெலம்ஸ் உட்கார்ந்தே இருந்தார். ஒவ்வொரு வருடமும் ராணுவச் செலவைக் குறைக்கச் சொல்லி வாக்களித்துத் தோற்றுக்கொண்டே, விமான ரகங்களையும் ஏவுகணை விலையையும் அக்குழுவில் இருந்த எவரையும்விட நன்றாகப் படித்துக்கொண்டே.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்த விஷயத்திலும் இதே பொறுமைதான். 1970-ல் பொலராய்டு நிறுவனத்தின் கறுப்பின ஊழியர்கள், தங்கள் கேமராவும் பிலிமும் அங்கே கறுப்பர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகங்களுக்குப் படம் எடுக்கப் போகின்றன என்று கண்டுபிடித்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் காக்கஸின் கதவையும் தட்டியது. 1972-லேயே டெலம்ஸ் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான தடைகள் கோரும் முயற்சியைத் தொடங்கிவிட்டார். யாரும் சீந்தவில்லை. 1984 நவம்பரில் ஃபான்ட்ராய், சிவில் உரிமைச் செயற்பாட்டாளர்களான ராண்டல் ராபின்சன், மேரி பிரான்சிஸ் பெர்ரி மூவரும் வாஷிங்டனிலுள்ள தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்து கைதானார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் தூதரக வாசலில் தினமும் போராட்டம், தினமும் கைது.

1986 ஜூனில் டெலம்ஸின் மசோதா சபைக்கு வந்தது, கிட்டத்தட்ட முழு வர்த்தகத் தடை, அமெரிக்க முதலீடுகள் அனைத்தும் வெளியேற வேண்டும் என்கிற அளவுக்குக் கடுமையானது. எதிர்த்தரப்பு வாக்கு எண்ணச் சொல்லவில்லை. இவ்வளவு காரமாக இருந்தால் செனட்டில் தானாகவே செத்துவிடும், நமக்கேன் வம்பு என்று கணக்குப் போட்டுக் குரல் வாக்கில் விட்டுவிட்டார்கள். செத்ததென்னவோ அந்த மசோதாதான், ஆனால் அளவுகோல் நகர்ந்துவிட்டது. அதுவரை கடுமையாகத் தெரிந்த செனட் மசோதா இப்போது மிதமாகத் தெரிந்தது, அது நிறைவேறியது. அதிபர் ரீகன் வீட்டோ செய்தார். கீழவை 313-க்கு 83, செனட் 78-க்கு 21 என்று வீட்டோவைத் தூக்கி எறிந்து சட்டமாக்கியது. அன்று செனட்டில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

இதே மாதிரி மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறை. கிங் கொல்லப்பட்ட நாலாவது நாளே, 1968 ஏப்ரல் 8-ல், ஜான் கான்யர்ஸ் மசோதா கொண்டுவந்தார். சட்டமானது 1983-ல். பதினைந்து வருடம் ஒரே மசோதாவைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு தேர்தலிலும் திரும்பி வருவோம் என்ற நிச்சயம் வேண்டும்.

அந்த நிச்சயம் தொகுதிகளின் அமைப்பிலிருந்து வந்தது. கறுப்பின மக்கள் செறிந்து வாழும் நகரத் தொகுதிகளில் ஒருமுறை ஜெயித்தவரைத் தோற்கடிப்பது கடினம். ஆகவே அவர்கள் வருடக்கணக்கில் நீடித்தார்கள், நீடித்ததால் சீனியாரிட்டி வரிசையில் ஏறினார்கள். தெற்கத்தி வெள்ளையின மூத்த உறுப்பினர்கள் அரை நூற்றாண்டு காலம் சிவில் உரிமை மசோதாக்களை எந்த ஏணியில் ஏறி உட்கார்ந்து அமுக்கினார்களோ அதே ஏணிதான். காக்கஸ் உறுப்பினர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ஜனநாயகக் கட்சிதான், அந்தக் கட்சிக்குள் இளையவர்கள் சீனியாரிட்டியை ஒழிப்போம் என்று கிளம்பும்போதெல்லாம் முதலில் குறுக்கே நிற்பது காக்கஸ் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வினோதமாக இருக்கும். வேறு எந்த முறையிலும் இவர்களுக்குத் தலைவர் பதவி கிடைத்திருக்காது என்பதை யோசித்தால் வினோதம் போய்விடும்.

1992-க்கு வருகிறேன், எனக்கு இந்தக் கதையில் மிகவும் சிக்கலாகத் தெரிவது இந்த இடம்தான். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் நடந்த தொகுதி மறுவரையறையில், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதிகளைக் கூடுமானவரை உருவாக்க வேண்டும் என்று அன்றைய குடியரசுக் கட்சி அரசின் நீதித்துறையே மாநிலங்களை நெருக்கியது. சில இடங்களில் கோடு போட்ட விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். வட கரோலினாவின் 12-வது தொகுதி சுமார் 160 மைல் நீளத்துக்கு ஒரு நெடுஞ்சாலையை ஒட்டியே ஓடியது, சில இடங்களில் சாலையின் அகலத்துக்கு மேல் தொகுதியே கிடையாது. (அடுத்த வருடமே அது உச்ச நீதிமன்றத்துக்குப் போய், இனத்தை மட்டும் வைத்துக் கோடு போட்டால் கேள்வி கேட்கலாம் என்று 5-4 தீர்ப்பு வந்தது.) பலன் உடனே தெரிந்தது. காக்கஸ் 26-லிருந்து 40 ஆனது. ஜார்ஜ் ஒயிட் போன பிறகு 91 வருடம் கழித்து வட கரோலினாவிலிருந்து கறுப்பின உறுப்பினர்கள் வந்தார்கள். டெலம்ஸ் ராணுவக் குழுத் தலைவர், கான்யர்ஸும் கிளேயும் வேறு இரண்டு குழுக்களுக்குத் தலைவர்கள். 1993 ஆகஸ்டில் அதிபர் கிளின்டனின் பட்ஜெட் 218-216 என்ற நூலிழையில் பிழைத்தது. அப்படி ஒரு கணக்கில் காக்கஸ் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். பசியால் வாடும் குழந்தைகளுக்கான உணவு உதவித் திட்டத்தை அதற்குள் சேர்க்க வைத்தார்கள். அத்திட்டத்துக்கு மிக்கி லீலண்ட் பெயர், ஹூஸ்டனின் உறுப்பினர், 1989-ல் எத்தியோப்பிய அகதி முகாமுக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்தவர்.

ஆனால் குடியரசுக் கட்சி எதற்காக அப்படித் தொகுதி பிரிக்கச் சொன்னது? தர்மத்துக்கா? கறுப்பின வாக்காளர்களை ஒரே தொகுதியில் குவித்தால் பக்கத்துத் தொகுதிகள் வெளுத்துவிடும், அங்கெல்லாம் ஜனநாயகக் கட்சி பலமிழக்கும். 1994 தேர்தலில் குடியரசுக் கட்சி 54 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து 40 வருடத்துக்குப் பிறகு கீழவையைக் கைப்பற்றியது. அந்தத் தோல்வியில் தொகுதி மறுவரையறையின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை வாதம் நடக்கிறது, முழுக் காரணம் அது இல்லை, ஆனால் பங்கு இருந்தது. காக்கஸின் எண்ணிக்கை அதற்குமுன் இல்லாத உச்சத்தில் இருந்தது, மூன்று குழுத் தலைவர் பதவியும் ஒரே நாளில் போனது. டெலம்ஸ் இருபது வருடம் காத்திருந்து அடைந்த நாற்காலியில் இரண்டே வருடம்தான் உட்கார்ந்தார். புதிய சபாநாயகர் கிங்ரிச் வந்த கையோடு, உறுப்பினர்கள் தங்கள் அலுவலகப் படியிலிருந்து பணம் போட்டு இதுபோன்ற அணிகளுக்குத் தனி அலுவலகமும் ஊழியர்களும் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ரத்து செய்தார். 28 அமைப்புகள் அடிபட்டன, காக்கஸும் அதில் ஒன்று.

தொகுதி செறிவின் இன்னொரு விலை 2001 ஜனவரி 6-ல் நாடே பார்க்கத் தெரிந்தது. 2000 அதிபர் தேர்தலின் வாக்குகளைக் காங்கிரஸ் எண்ணி ஏற்கும் நாள் அது, புளோரிடாவின் வாக்குகளை ஏற்கக் கூடாது என்று காக்கஸ் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் செல்ல ஒரு செனட்டரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். செனட்டில் ஒருவர்கூட இடவில்லை. அவையை நடத்திக்கொண்டிருந்தவர் துணை அதிபர் அல் கோர், யாருக்காக இவர்கள் எழுந்தார்களோ அதே தோற்ற வேட்பாளர். செனட்டர் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்குக் கவலையில்லை என்றார் மேக்சின் வாட்டர்ஸ். விதிகள் கவலைப்படுகின்றனவே என்று சொல்லி கோர் சுத்தியலைத் தட்டினார். செனட் தேர்தல் மாநிலம் முழுவதற்குமானது, ஒரு நகரத்தின் செறிவு அங்கே கைகொடுக்காது. அன்றும் செனட்டில் ஒரு கறுப்பின உறுப்பினர் இல்லை.

காக்கஸை நியாயவான்களின் சங்கமாக மட்டும் எழுதிவிட்டால் அது பொய். 1986 போதைப்பொருள் சட்டத்தை, 5 கிராம் கிராக் கொக்கைனுக்கும் 500 கிராம் பவுடர் கொக்கைனுக்கும் ஒரே ஐந்து வருடச் சிறை என்று கறுப்பின இளைஞர்களைக் குவியல் குவியலாக உள்ளே தள்ளிய சட்டத்தை, காக்கஸிலேயே பலர் ஆதரித்தார்கள். தங்கள் தொகுதித் தெருக்களில் தினமும் பிணம் விழுந்துகொண்டிருந்தது, தாய்மார்கள் போலீஸ் வேண்டும் என்றார்கள். 1994 குற்றச் சட்டத்திலும் அணி இரண்டாகப் பிரிந்து, கடைசியில் பெரும்பாலோர் ஆதரித்தே வாக்களித்தார்கள். 100-க்கு 1 என்ற அந்த விகிதத்தை 18-க்கு 1 ஆகக் குறைக்க 2010 வரை ஆனது.

யாரைச் சேர்ப்பது என்பதிலும் தகராறு உண்டு. மெம்ஃபிஸில் கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதியில் ஜெயித்த வெள்ளையரான ஸ்டீவ் கோஹனுக்கு இடமில்லை. குடியரசுக் கட்சிக் கறுப்பினத்தவர்களில் மியா லவ் மாதிரி சேர்ந்தவர்களும் உண்டு, ஜே.சி. வாட்ஸ், டிம் ஸ்காட் மாதிரி எனக்கு வேண்டாம் என்றவர்களும் உண்டு.

2019-ல் கீழவை திரும்பவும் ஜனநாயகக் கட்சி கைக்கு வந்தபோது வரிசையில் காத்திருந்தவர்கள் பொறுப்பேற்றார்கள். நிதிச் சேவைகளுக்கு மேக்சின் வாட்டர்ஸ், உள்நாட்டுப் பாதுகாப்புக்கு பென்னி தாம்சன், கல்விக்கு பாபி ஸ்காட், அறிவியலுக்கு எடி பெர்னிஸ் ஜான்சன், கண்காணிப்புக்கு எலைஜா கம்மிங்ஸ். 2023-ல் ஹகீம் ஜெஃப்ரீஸ் கட்சியின் கீழவைத் தலைவர். 2025 தொடக்கத்தில் காக்கஸ் 62 பேர், 1971-ன் 13-ஐப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. நின்று நீடித்தால் கிடைக்கும் என்ற கணக்கு பலித்துவிட்டது.

பலித்த கணக்குக்கு வட்டியும் உண்டு. ஹூஸ்டனின் 18-வது தொகுதி, 1972-ல் பார்பரா ஜோர்டன் ஜெயித்தது, பிறகு மிக்கி லீலண்ட் இருந்தது, 1995 முதல் ஷீலா ஜாக்சன் லீயுடையது. ஜாக்சன் லீ 2024 ஜூலையில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அந்த இடத்துக்கு நவம்பரில் ஜெயித்து வந்தவர் நகரத்தின் முன்னாள் மேயர் சில்வெஸ்டர் டர்னர், வயது 70. இரண்டு மாதம் அமர்ந்தார், 2025 மார்ச்சில் அவரும் இறந்தார். மே 22 அன்று அதிபர் ட்ரம்ப்பின் பெரிய வரி, செலவு மசோதா, ஏழைகளின் மருத்துவ உதவியையும் உணவு உதவியையும் வெட்டிய அதே மசோதா, கீழவையில் 215-214 என்று நிறைவேறியது. அந்த நேரத்தில் ஜனநாயகக் கட்சியில் உறுப்பினர் இறந்து காலியாக இருந்த மூன்று நாற்காலிகளில் ஒன்று ஹூஸ்டனின் 18.